வீட்டில் படித்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது எப்படி?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சரி, காலேஜுக்கு என்ன செய்வீங்க?" இதற்கு விடை இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. எங்கள் மகளுக்காக நானும் என் கணவரும் அதைத் துண்டு துண்டாகத்தான் சேர்த்தோம். ஓர் அலுவலகத்தில் சொன்னதை இன்னோர் அலுவலகத்தில் மறுத்தார்கள். கல்லூரி வாசலில் நின்ற பிறகுதான் சில காகிதங்களின் பெயரே எங்களுக்குத் தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பிள்ளைக்கு 12, 13 வயது ஆகும்போதே படித்துவிட்டால் முழுப் பயனும் கிடைக்கும்.

படிப்பில் சறுக்கியவர்களை விடத் தேதியிலும் காகிதத்திலும் சறுக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எப்படிப் பாடம் நடத்துவது என்பதற்குள் நான் போகவில்லை.

1. எந்த வாரியம் என்று முடிவு செய்யுங்கள்

கல்லூரி கேட்பது அங்கீகாரம் பெற்ற ஒரு வாரியத்தின் 10, 12ஆம் வகுப்புச் சான்றிதழ்களை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதைப் பெற மூன்று வழிகள் உண்டு.

முதலாவது என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே பொருந்தும். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். 10ஆம் வகுப்பில் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும். முன்பு பள்ளியில் படித்ததற்கான சான்று இல்லையென்றால், இந்தப் படிப்பைத் தொடரும் தகுதி பிள்ளைக்கு இருக்கிறது என்று நாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும். ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டு செல்லும். அதற்குள் 9 முறை தேர்வு எழுத வாய்ப்புத் தருகிறார்கள்.

இரண்டாவது, மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதுவது. 10ஆம் வகுப்புக்கு 14½ வயது ஆகியிருக்க வேண்டும். 8ஆம் வகுப்புத் தேர்ச்சியும் கேட்பார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளை முதலில் 8ஆம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டியிருக்கும். அறிவியல் செய்முறைக்கு ஒரு பள்ளியில் பயிற்சிக்குப் பெயர் பதிவு செய்ய வேண்டும். தமிழ் வழியில் ஆழமாகப் படித்த பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. ஆனால் கால அட்டவணையில் நெகிழ்வு குறைவு.

மூன்றாவது, நம் 10, 12ஆம் வகுப்புகளைப் போன்ற கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் தேர்வுகள். வெளிநாட்டில் படிக்க வைக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். பாடத்துக்குப் பாடம் தேர்வுக் கட்டணமே ஆயிரக்கணக்கில் வரும். அப்புறம் இங்கேயே கல்லூரியில் சேர்வதென்றால் அது நம் 12ஆம் வகுப்புக்கு இணையானது என்று சமானச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும்.

2. பெயரையும் பிறந்த தேதியையும் முதலில் சரி செய்யுங்கள்

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சேர்க்கைப் பதிவேட்டில் ஒருமுறை பதிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இவை இரண்டிலும் ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது தலைதூக்கும்.

நம் ஊரில் பெரிய தொல்லை இனிஷியல். ஒன்றில் "எஸ்" என்று முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஏதாவது ஒரு வடிவத்தை முடிவு செய்து ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை மூன்றிலும் அதையே கொண்டுவாருங்கள். 10ஆம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் பெயர்தான் வாழ்நாள் முழுக்க நிற்கும். அதன் பிறகு திருத்துவது பெரும் பாடு.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்ற அளவில் நின்றுபோன சான்றிதழ்கள் நிறைய உண்டு. பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. 13 வயதில் இதைக் கவனித்துவிட்டால் சிக்கலே இல்லை.

3. கல்லூரியில் சேரும் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடத்துகிறது: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். பள்ளிப் பிள்ளைகள் மார்ச், ஏப்ரலில் எழுதுகிறார்களே என்று நாமும் ஏப்ரல்–மே தேர்வையே தேர்ந்தெடுப்போம். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். அந்தத் தேர்வின் முடிவு வர ஜூன், சில சமயம் அதற்கும் மேல் ஆகிவிடும். பொறியியல் கலந்தாய்வுக்கு மே மாதமே பதிவு தொடங்கிவிடுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளும் அப்போதே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். கையில் மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பக் கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை.

அதனால் 12ஆம் வகுப்பின் கடைசித் தேர்வைச் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர்–நவம்பரிலேயே முடிக்கத் திட்டமிடுங்கள். முடிவும் சான்றிதழ்களும் புத்தாண்டை ஒட்டிக் கைக்கு வந்துவிடும். மருத்துவத்துக்கான நீட், பொறியியலுக்கான ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகவும் நிம்மதியாகச் சில மாதங்கள் கிடைக்கும்.

இதில் இன்னொரு விதியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 10ஆம் வகுப்புத் தேர்ச்சிக்கும் 12ஆம் வகுப்புத் தேர்ச்சிக்கும் நடுவே 2 ஆண்டு இடைவெளி கட்டாயம். ஓராண்டு கழிந்ததும் நான்கு பாடங்கள் வரை எழுதிவிடலாம். மிச்சம் இரண்டு ஆண்டு முடிந்த பிறகுதான். ஆகவே 10ஆம் வகுப்பை அதற்கு இரண்டு ஆண்டு முந்தைய அக்டோபர்–நவம்பருக்குள்ளாவது முடித்தால்தான் 12உம் அக்டோபர்–நவம்பரில் முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2029 ஜூனில் கல்லூரியில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் வகுப்பின் கடைசிப் பாடம் 2028 அக்டோபர்–நவம்பர். 10ஆம் வகுப்புத் தேர்ச்சி 2026 அக்டோபர்–நவம்பர். அந்தத் தேர்வை எழுத 2025 செப்டம்பருக்கும் 2026 ஜனவரிக்கும் இடையே சேர்ந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 14 முடிந்திருக்க வேண்டியதும் அப்போதே. பாருங்கள், கல்லூரிக்கு மூன்றரை ஆண்டுக்கு முன்பே முதல் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஏப்ரல்–மே தேர்வுக்கான சேர்க்கை கோடையில் தொடங்கி ஜூலை வரை நடக்கும். கடைசித் தேதி தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் கொஞ்ச நாள் தருவார்கள். அதை நம்பி இருக்காதீர்கள்.

மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை, சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயதை முடித்திருக்க வேண்டும். வேகமாகப் படித்து முன்கூட்டியே முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

4. பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது

தேர்ச்சிக்குக் குறைந்தது 5 பாடங்கள் வேண்டும். அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்கலாம். சுதந்திரம் அதிகம், அதனாலேயே பொறியும் அதிகம்.

10ஆம் வகுப்பில் கணிதம் எடுக்காமலே தேர்ச்சி பெற முடியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றும் இருக்கட்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் பி.எஸ். பட்டப்படிப்புக்குக்கூட 10ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். 14 வயதில் "கணக்கு வராது" என்று சொல்லும் பிள்ளை 17 வயதில் மனம் மாறலாம். கதவை நாம் சாத்திவிடக் கூடாது.

12ஆம் வகுப்பில் என் கருத்து, 6 பாடங்கள் எடுப்பது. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப் பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். 5 பாடங்களில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் மூன்றுதான் இருக்கும். ஆங்கிலம், தமிழ், நான்கு முதன்மைப் பாடங்கள் என்று எடுத்துவிட்டால் மாநில வாரியப் பிள்ளைகள் படிக்கும் அதே வடிவம் வந்துவிடும். எந்த அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. கூடுதல் பாடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, சில நூறு ரூபாய்தான்.

பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். எதற்கு என்று முடிவாகாத பிள்ளைக்குக் கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

5. கல்வி மையம், டி.எம்.ஏ., செய்முறை

இணையத்தில் சேரும்போதே ஒரு கல்வி மையத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சாதாரணப் பள்ளிகளையே மையமாக அங்கீகரித்திருப்பார்கள். தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் எடுக்கும் அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகம் இருக்கிறதா, என்.ஐ.ஓ.எஸ். வேலையைப் பார்க்கும் ஆசிரியர் யார், தொலைபேசியை எடுக்கிறார்களா என்று கேட்டு வாருங்கள்.

மையம் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பெங்களூரில் இருக்கும் உறவினர் வீட்டுப் பக்கம் வசதி என்று அங்கே எடுத்துவிட்டால் பின்னால் வருந்த நேரும். ஜே.இ.இ. மெயின் வழியாக என்.ஐ.டி. என்னும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் சேரும்போது, என்.ஐ.ஓ.எஸ். மாணவரின் சொந்த மாநிலத்தை அவருடைய கல்வி மையம் இருக்கும் மாநிலத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கான இடங்கள் கைநழுவிப் போவதற்கு இந்த ஒரு தவறு போதும்.

டி.எம்.ஏ. என்பது வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைப்பு. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 விழுக்காடு இதற்கு. தராவிட்டால் அந்த 20 அப்படியே போய்விடும். ஏப்ரல் தேர்வுக்கு ஜனவரி கடைசி, அக்டோபர் தேர்வுக்கு ஜூலை கடைசி என்பது வழக்கமான கெடு. இணையத்தில் ஏற்றிய பின் திருத்தி மதிப்பெண் பதிந்தார்களா என்று போய்ப் பாருங்கள். பதியாமல் கிடப்பதும் உண்டு.

செய்முறைத் தேர்வு உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே தேற வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பின்தங்குவது இங்கேதான். பியூரெட்டைக் கையால் தொடாமல் வேதியியல் செய்முறைக்குப் போய் நிற்கக் கூடாது. மையத்தில் பயிற்சி வகுப்பு வைத்தால் ஒன்றையும் விடாதீர்கள். வைக்காவிட்டால் பக்கத்துப் பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ கட்டணம் கொடுத்தாவது சில நாள் ஆய்வகத்தில் நிற்க வையுங்கள். மொத்தச் செலவில் பயனுள்ள செலவு இதுதான்.

ஒரு மையத்தில் எங்களிடம் செய்முறை மதிப்பெண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டார்கள். ரசீது தரச் சொல்லிக் கேட்டேன். பேச்சு அதோடு நின்றது. நீங்களும் ரசீதைக் கேளுங்கள். அதேபோல "பாஸ் கேரண்டி" என்று சொல்லி 20, 30 ஆயிரம் வாங்கும் தரகர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சேர்க்கையை நீங்களே இணையத்தில் முடிக்கலாம். கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். பெண் பிள்ளைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. பாடநூல்களையும் என்.ஐ.ஓ.எஸ். தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

6. தேர்வுக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும்

சேர்க்கைக் கட்டணம் கட்டியாயிற்று, இனிப் போய் எழுத வேண்டியதுதான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தேர்வுக் கட்டணம் வேறு. ஒவ்வொரு தேர்வுப் பருவத்துக்கும் முன்னால் இணையத்தில் பாடங்களைக் குறித்துப் பணம் கட்ட வேண்டும். செய்முறைக்கும் அதில் தனித் தொகை உண்டு. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் போய்விடும். செய்முறைக்கும் எழுத்துத் தேர்வுக்கும் ஹால் டிக்கெட் தனித்தனி என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். ஏதாவது பாடத்தில் தவறினால், நாம் கேட்கும்போது தேர்வு நடத்தும் முறை ஒன்றும் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் இருக்கிறது. மண்டல மையத்தில் நாள் பதிவு செய்து அந்தப் பாடத்தை மட்டும் எழுதலாம்.

7. வருவாய்த் துறைச் சான்றிதழ்களை முன்பே வாங்குங்கள்

12ஆம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வரும் வரை இருக்கும் இடைவெளியை இதற்குப் பயன்படுத்துங்கள். மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும்.

இருப்பிடச் சான்றிதழ் (நேட்டிவிட்டி): பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இது தேவையில்லை. நம் பிள்ளைகளால் 8, 9ஆம் வகுப்புக்குச் சான்று காட்ட முடியாது. அதனால் நமக்கு இது கட்டாயம். ஊரை விட்டே போகாத குடும்பமாக இருந்தாலும் சரி, நிரந்தர மின் சான்றிதழாக வாங்கி வையுங்கள்.

சாதிச் சான்றிதழ்: விண்ணப்பிக்கும்போது பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்பார்கள். பெற்றோர் இருவரின் சாதிச் சான்றிதழ்கள், அவர்களுடைய பள்ளி டி.சி., பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்து, பிள்ளை வீட்டில் படிப்பதை ஒரு கடிதமாக எழுதிக் கூடவே வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து விளக்கிச் சொல்வது நல்லது. அவர் புரிந்துகொண்டு பரிந்துரைத்தால் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வரை தடையின்றிப் போகும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனி. அது அந்த நிதியாண்டுக்கு உரியதாக, அதாவது ஏப்ரல் 1க்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும்.

வருமானச் சான்றிதழும், குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கூடவே வாங்குங்கள். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய் அளவில் ஆகும்.

மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்கு வராது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கும் 1ஆம் வகுப்பு முதல் தமிழ் வழிப் பள்ளிச் சான்று வேண்டும். இவற்றைத் தெரிந்துகொண்டே வீட்டுக் கல்வியை முடிவு செய்யுங்கள்.

8. விண்ணப்பங்கள்

பொறியியல்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்ஆஃப். பதிவுக் கட்டணம் பொதுவாக 500 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 250. மற்ற வாரிய மதிப்பெண்களை மாநில வாரியத்தோடு சமன்செய்துதான் தரவரிசை தயாரிக்கிறார்கள். இணையத்தில் ஏதாவது இடத்தில் சிக்கினால் அருகிலுள்ள சேவை மையத்துக்கு எல்லா மூலச் சான்றிதழ்களோடும் போய்விடுங்கள்.

மருத்துவம்: திறந்தநிலைப் பள்ளி மாணவர் நீட் எழுத முடியாது என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பழைய கதை. அந்தத் தடையை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் எழுதலாம் என்பது 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் உறுதியானது.

ஜே.இ.இ.: 5 பாடங்களோடு 12ஆம் வகுப்பை முடித்த என்.ஐ.ஓ.எஸ். மாணவருக்குத் தகுதி உண்டு. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. சேர்க்கைக்குப் பொதுவாக 75 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள். ஆகவே 12ஆம் வகுப்பை வெறும் சம்பிரதாயமாக எழுதிவிட முடியாது.

மத்தியப் பல்கலைக்கழகங்கள்: திருவாரூர், புதுச்சேரி போன்றவற்றுக்கு க்யூட் நுழைவுத் தேர்வு. வீட்டில் படித்த பிள்ளைகளுக்கு இந்த வழி எனக்குப் பிடித்தமானது. எந்தப் பள்ளி என்ற கேள்வியை விடத் தேர்வு மதிப்பெண்ணே இங்கே முன்னால் நிற்கிறது.

பெங்களூரில் உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வோடு நேர்காணலும் உண்டு. பிள்ளை படித்த நூல்கள், செய்த வேலைகள், பறவைக் கணக்கெடுப்போ தச்சு வேலையோ எதுவானாலும், 13 வயதிலிருந்தே தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் அது ஒட்டாது.

9. கல்லூரி அலுவலகத்தில்

முடிவு வந்ததும் மதிப்பெண் சான்றிதழோடு இடப்பெயர்வுச் சான்றும் மாற்றுச் சான்றும் (டி.சி.) சேர்ந்த ஒரே காகிதத்தை என்.ஐ.ஓ.எஸ். தரும். "டி.சி. எங்கே?" என்று கேட்டால் அதைக் காட்டுங்கள். நாங்கள் போன ஒரு கல்லூரியில் எழுத்தர் அதை ஏற்க மறுத்து, கடைசியாகப் படித்த பள்ளியின் டி.சி.தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவரோடு வாதாடாமல் முதல்வரின் அறைக்குப் போனோம். காகிதத்தின் தலைப்பைப் படித்ததும் முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் பிரதியையும் கைபேசியில் தயாராக வைத்திருங்கள்.

நன்னடத்தைச் சான்று கேட்டால் கல்வி மையத்தின் தலைமை ஆசிரியரிடம் முயன்று பாருங்கள். சில பல்கலைக்கழகங்கள் மற்ற வாரிய மாணவர்களிடம் தகுதிச் சான்று, உண்மைத்தன்மைச் சான்று என்று கேட்கும். எங்கே, எவ்வளவு கட்டணம், எத்தனை நாளுக்குள் என்பதைச் சேர்க்கை அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் பருவத் தேர்வுக்கு முன்பு தராவிட்டால் பதிவு எண் வராமல் நிறுத்திவைக்கக்கூடும்.

மொழிப் பாடத்தையும் அன்றே முடித்துக்கொள்ளுங்கள். தமிழை முறையாகப் படிக்காத மாணவர் வேறு மொழியை எடுத்தால் அடிப்படைத் தமிழ் என்ற தாளையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் இருபுறமும் ஸ்கேன் செய்து, நகல்களில் சான்றொப்பம் வாங்கி, எதை எதைக் கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு அலுவலக முத்திரையோடு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.